முகமே சாவி – 9: ரோமியோ வரவில்லை

சென்ற வாரம்: 2011 அக்டோபர். ஹாங்காங் மேடையில் கூகுளின் மத்தியாஸ் துவார்த்தே புத்தம்புது கேலக்ஸி நெக்ஸஸை முகத்துக்கு நேரே பிடித்தார். முகம் காட்டினால் திறக்கும் என்றார்கள், திறக்கவில்லை. அடுத்த மாதம் மலேசிய வலைப்பதிவு ஒன்று வெளியிட்ட காணொளியில் அதே மாடல் போன் சட்டென்று திறந்துகொண்டது. அதற்கு முன்னால் காட்டப்பட்டது முகமல்ல, இன்னொரு போன் திரையில் இருந்த புகைப்படம்.

இனி…

கொல்லிமலை என்றதும் சங்கப் புலவர்களுக்கு முதலில் ஓரி நினைவுக்கு வருவான், அடுத்துப் பாவை வருவாள். தெய்வம் செய்து வைத்தது என்று ஒரு பேச்சு, பூதம் செய்தது என்று இன்னொரு பேச்சு. காற்று அறைந்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அவள் அழகு குலையாது. மலைக்குக் கேடு செய்ய வருகிறவனின் வாடை பட்டதும் அவள் சிரிப்பாளாம். அந்தச் சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவன் உயிரோடு இறங்கியதில்லை. இன்றைக்கு மலையில் விசாரித்தால் எட்டுக்கை அம்மன் கோயிலைக் காட்டுவார்கள், அவள்தான் இவள் என்று.

ஒரு நல்ல பொறியாளரிடம் இந்தக் கதையைச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்பார். பாவை ஏமாந்து உள்ளே விட்ட பகைவர்கள் எத்தனை பேர்? தேனெடுத்துவிட்டு வீடு திரும்பிய உள்ளூர்க்காரனைப் பகைவன் என்று நினைத்து அவள் எத்தனை முறை சிரித்தாள்?

புலவர்கள் இரண்டையும் எழுதிவைக்கவில்லை. ஆனால் முகம் பார்த்து ஆள் சொல்லும் எந்தக் கருவிக்கும் இந்த இரண்டு பிழைகளும் உண்டு. திருடனை உள்ளே விடுவது ஒன்று, வீட்டுக்காரனைத் தெருவில் நிறுத்துவது மற்றொன்று. முதலாவதைக் குறைக்கத் திருகினால் இரண்டாவது ஏறும். விளம்பரப் பலகையில் முதலாவதன் எண் மட்டும்தான் பெரிதாக அச்சாகும். இதை நினைவில் வைத்துக்கொண்டு ஆப்பிளின் ஊரான கூப்பர்டினோவுக்குக் கிளம்புவோம், அங்கே விழா தொடங்கப்போகிறது.

*

2017 செப்டம்பர் 12. ஸ்டீவ் ஜாப்ஸ் பெயரில் கட்டிய புதிய அரங்கில் நடக்கும் முதல் விழா. ஐபோன் பிறந்து 10 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைக் கொண்டாட வந்தது ஐபோன் எக்ஸ். முன்பக்கம் முழுக்கத் திரை. கீழே இருந்த வட்டப் பொத்தான் போய்விட்டது, அதற்குள் இருந்த கைரேகை உணரியும் கூடவே போய்விட்டது. அதாவது இந்தப் போனைத் திறக்க இனி முகம், அது சரிப்படாவிட்டால் 6 இலக்க எண். மூன்றாவது வழி கிடையாது.

ஆப்பிளின் ஃபில் ஷில்லர் மேடையேறி ஓர் எண்ணைச் சொன்னார். கைரேகை முறையில் யாரோ ஒருவர் விரல் வைத்து உங்கள் போன் திறந்துவிடும் வாய்ப்பு 50,000-த்தில் 1. முக முறையில் 10 லட்சத்தில் 1. ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர்களைக் கொண்டு முகமூடிகள் செய்து சோதித்தோம் என்று படமும் காட்டினார். அரங்கம் கைதட்டியது.

அடுத்து கிரெய்க் ஃபெடரிகி வந்தார். போனைத் தூக்கினார். பார்த்தார். போன் எண் கேட்டது. மறுபடி தூக்கினார், மறுபடியும் எண் கேட்டது. சிரித்துச் சமாளித்துக்கொண்டு தயாராக வைத்திருந்த இரண்டாவது போனை எடுத்தார், அது திறந்தது. மேடைக்குப் பின்னால் ஊழியர்கள் கையாண்டபோது போன் அவர்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்து, இவர் ஃபெடரிகி இல்லை என்று முடிவுசெய்து, கடைசியில் எண் கேட்கும் நிலைக்குப் போய்விட்டது என்று ஆப்பிள் பிறகு விளக்கியது. நம்பக்கூடிய விளக்கம்தான். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில் வெளியே நின்றவர் வீட்டுக்காரர். எண் தெரிந்திருந்தால் உள்ளே போய்விடலாம் என்பதால் அது வெறும் நகைச்சுவையாக முடிந்தது.

விற்பனைத் தேதி நவம்பர் 3. இந்தியாவுக்கும் அதே நாள். தொடக்க விலை 89,000 ரூபாய். இன்னும் 52 நாள் இருக்கிறது. ஆனால் கொரியாவிலும் ஜப்பானிலும் உதிரிப்பாகம் செய்துகொண்டிருந்தவர்களுக்கு மேடையில் நடந்ததைப் பார்த்துச் சிரிக்க நேரமில்லை. ரோமியோ வந்துசேரவில்லை.

*

யார் அந்த ரோமியோ?

ஐபோன் எக்ஸின் நெற்றியில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கிறதே, அதற்குள் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தின் மேல் பரப்புகிறார். அதனால்தான் கும்மிருட்டிலும் போன் உங்களைப் பார்க்கிறது. இன்னொருவர் 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் தெளிக்கிறார். மூக்கில் விழும் புள்ளியும் கன்னத்தில் விழும் புள்ளியும் வெவ்வேறு விதமாக விலகும். மூன்றாமவர் கேமரா, அந்த விலகலைப் படித்து மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுவிடுகிறார். தட்டையான புகைப்படத்துக்கு மூக்கு மேடு ஏது? மலேசியாவில் பலித்த தந்திரம் இங்கே பலிக்காமல் போனதற்குக் காரணம் அந்தப் புள்ளி தெளிக்கிற ஆள்தான்.

தொழிற்சாலைகளுக்குள் அவருக்கு வைத்த ரகசியப் பெயர் ரோமியோ. படிக்கிற கேமராவின் பெயர் ஜூலியட். பெயர் வைத்தவர் நாடகத்தின் முடிவைப் படித்திருக்கவில்லை போலிருக்கிறது.

இந்த வித்தை ஆப்பிளின் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில்தான் 2010-இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் விளையாட்டுக் கருவி வந்தது. தொலைக்காட்சிக்கு அடியில் வைக்கும் அந்தக் கட்டை ஒரு சாணுக்கு மேல் நீளம். 2013-இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. 4 ஆண்டுகளில் அந்தக் கட்டையை ஒரு விரலகலப் பட்டைக்குள் அடக்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் அடக்கிவிட்டார்கள். கோடிக்கணக்கில் செய்து அடுக்குவதுதான் பாக்கி.

அங்கேதான் இடித்தது. ரோமியோவுக்குள் காலியம் ஆர்சனைடில் செய்த ஒரு லேசர் சில்லு, அதற்கு மேல் லென்ஸ், அதற்கும் மேல் ஒளியைப் பல்லாயிரம் கீற்றுகளாகப் பிரிக்கும் ஒரு மெல்லிய தகடு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்கார வேண்டும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். இங்கே அதில் சில மைக்ரான் பிசகினாலும் புள்ளிகள் விழுகிற கோலம் கெட்டுவிடும். பொருளும் நொய்மையானது, தட்டினால் போய்விடும். செப்டம்பர் இறுதியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி போட்டது: ரோமியோ செய்ய ஜூலியட்டைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. ஜூலியட்கள் பெட்டி பெட்டியாக வந்து காத்திருக்க, ரோமியோ இல்லாமல் உற்பத்தி வரிசை முடங்குகிறது.

*

2017 அக்டோபர் 25. முன்பதிவு தொடங்க 2 நாள் இருந்தது. புளூம்பெர்க் ஒரு நீண்ட செய்தியை வெளியிட்டது.

லேசர் சில்லு தர வேண்டிய ஃபினிசார் நிறுவனத்தால் உரிய காலத்தில் தரத்தை எட்ட முடியவில்லை. ரோமியோவைக் கோத்துத் தரும் பொறுப்பு எல்ஜி இன்னோடெக்குக்கும் ஷார்ப்புக்கும். ஒரு கட்டத்தில் 100 செய்தால் சுமார் 20-தான் தேறியது. இந்த நெருக்கடியில்தான், முக அடையாளத்துக்கான சில அளவுகோல்களைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று ஆப்பிள் சப்ளையர்களிடம் சொல்லிவிட்டது. சோதனை நேரம் குறைந்தது, தேறும் எண்ணிக்கை கூடியது. செய்தி சொன்னது இதுதான், சொன்னவர்களின் பெயர் எதுவும் இல்லாமல்.

சில மணி நேரத்தில் ஆப்பிளின் மறுப்பு வந்தது. பொதுவாக இப்படிப்பட்ட செய்திகளுக்கு வாய் திறக்காத நிறுவனம், இந்தமுறை முற்றிலும் பொய் என்றே சொன்னது. தரமும் துல்லியமும் மாறவில்லை, 10 லட்சத்தில் 1 அப்படியே இருக்கிறது என்றது.

இரண்டில் எது உண்மை என்று உலகம் பட்டிமன்றம் நடத்தியது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது என் கட்சி.

இதைப் புரிந்துகொள்ள கலிஃபோர்னியாவரை போக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் லைனில் வேலை பார்க்கிற எவரையாவது கேளுங்கள். (ஷார்ப் 2016-இலேயே ஃபாக்ஸ்கான் குழுமத்துக்குக் கைமாறிவிட்டது. 2019-இல் ஐபோன் எக்ஸ்ஆர் நம் ஊரில் கோக்கப்பட்டதிலிருந்து முகம் பார்க்கும் போன்கள் ஸ்ரீபெரும்புதூர் வழியாகவும் உலகம் சுற்றுகின்றன.) யீல்டு, ரிஜெக்ட், ஸ்பெக் என்ற மூன்று வார்த்தைகளில் அவர்கள் முழு நாடகத்தையும் சொல்லிவிடுவார்கள். யீல்டு, அதாவது தேறும் எண்ணிக்கை, விழுந்தால் மேலாளர் முன்னால் இரண்டே வழி. ஒன்று, காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை பொறுப்பது. இன்னொன்று, ஸ்பெக்கைத் தளர்த்துவது, அதாவது சல்லடைக் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்குவது. கப்பல் ஏற வேண்டிய தேதி நெருங்கும்போது எது நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? இதில் மோசடி என்று எதுவும் இல்லை. முதலில் போட்ட ஸ்பெக் தேவைக்குமேல் இறுக்கமாக இருந்து, தளர்த்திய பிறகும் பொருள் நன்றாகவே உழைத்த கதைகள் உற்பத்தித் துறையில் ஏராளம். தளர்த்தினார்கள் என்பதற்காகவே கெட்டுப்போனது என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம்.

சரி, தளர்த்திய ரோமியோ ஒன்று உங்கள் போனுக்குள் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். புள்ளிகள் சில மங்கலாக விழும், சில இடம் பிசகும். போன் உங்கள் முகத்துக்குப் போடும் மதிப்பெண் கொஞ்சம் குறையும். தேர்ச்சி மதிப்பெண்ணை நிர்ணயிப்பது மென்பொருள். ஆப்பிள் அதைத் தொடவில்லை என்றால் திருடன் உள்ளே நுழையும் வாய்ப்பு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். 10 லட்சத்தில் 1 என்ற வாக்குக்குச் சேதமில்லை. குறைந்த மதிப்பெண் எடுத்து வாசலில் நிற்கப்போவது நீங்கள். காலையில் தூங்கி எழுந்த முகத்தோடு நாலு தடவை காட்டிவிட்டு, எண்ணைத் தட்டிவிட்டு, சரி கண்ணாடி போடாததால் இருக்கும் என்று உங்களையே குறை சொல்லிக்கொள்வீர்கள். அந்த இரண்டாவது பிழையின் எண்ணை ஷில்லர் மேடையில் சொல்லவில்லை. சொல்லாத எண்ணை மாற்றினால் பொய் சொன்னதாகவும் ஆகாது.

என் சந்தேகம் இங்கேதான் நிற்கிறது. ஆப்பிள் ஏமாற்றியதா என்பதல்ல கேள்வி. ஒரு கருவியின் குறை யார் தலையில் இறங்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையின் நாட்காட்டி தீர்மானிக்கிறது, வாங்கியவருக்கு அது தெரியாமலேயே போகிறது.

விற்பனைக்கு வந்த ஒரே வாரத்தில் வியட்நாமின் பிகாவ் என்ற பாதுகாப்பு நிறுவனம் முப்பரிமாண அச்சில் ஒரு முகமூடி செய்து, சிலிக்கோன் மூக்கு ஒட்டி, கண்ணுக்குப் படம் ஒட்டி, ஐபோன் எக்ஸைத் திறந்துகாட்டியது. செலவு சுமார் 150 டாலர் என்றது. பரபரப்பான காணொளிதான். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் முகத்தை முப்பரிமாணத்தில் அளந்து மூக்கு செய்யப்போவதில்லை. ஆப்பிளே தன் ஆவணத்தில், இரட்டையருக்கும் ஒத்த சாயலுள்ள உடன்பிறப்புகளுக்கும் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அந்த 10 லட்சக் கணக்கு பொருந்தாது என்று எழுதிவைத்திருக்கிறது. அதைப் படித்தவர்கள்தான் குறைவு.

டிசம்பரில் ஆப்பிள் 39 கோடி டாலரை ஒரு லேசர் நிறுவனத்துக்குத் தருவதாக அறிவித்தது. காலத்தில் தரத்தை எட்டவில்லை என்று செய்தியில் அடிபட்ட அதே ஃபினிசார். ரோமியோ பிழைத்துக்கொண்டார்.

ஆனால் அவரை ஒரேயடியாகக் கொன்றுவிட வேறு சிலர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்.

*

மற்ற நிறுவனங்கள் கணக்குப் போட்டன. புள்ளி தெளிக்கிற ஆளைச் செய்வது இத்தனை பாடு என்றால், அவர் எதற்கு? செல்ஃபி கேமரா ஏற்கெனவே இருக்கிறது, அதுவே முகத்தைப் பார்க்கட்டும். செலவு மிச்சம், விளம்பரத்தில் ‘முகம் காட்டித் திறக்கலாம்’ என்ற வரியும் கிடைத்துவிடும். அகச்சிவப்பு கிடையாது, மேடுபள்ளம் கிடையாது. 2011-க்கே திரும்பிய கதை.

விளைவு அளக்கப்பட்டிருக்கிறது. நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் 110 போன்களைச் சோதித்து 2019 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. 42 போன்கள் வெறும் புகைப்படத்துக்குத் திறந்துகொண்டன. 2023-இல் பிரிட்டனின் விச் அமைப்பு 48 புதிய மாடல்களைச் சோதித்ததில் 19 ஏமாந்தன. பெரிய பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இந்தப் போன்களில் பலவற்றில் செட்டிங்ஸுக்குள் போனால் ஒரு வரி இருக்கும்: எண் பூட்டைவிட இது பாதுகாப்பு குறைந்தது, உங்களைப் போன்ற தோற்றமுள்ளவர் திறக்கக்கூடும் என்று. ஆண்ட்ராய்டும் இவற்றைக் கடைசி வகுப்பில் உட்காரவைத்திருக்கிறது. திரை திறக்கலாம், பணப் பரிமாற்றத்துக்கு உரிமையில்லை.

அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்தியதாகச் சொல்லப்பட்டதற்கு உலகம் அவ்வளவு கூச்சல் போட்டது. உறுப்பையே கழற்றிவிட்டவர்களைக் கேட்க ஆளில்லை. நம் நாட்டில் கைகளில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

*

இப்போது காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிக் கொல்லிமலைக்கே போவோம்.

கிழங்கும் மிளகும் காப்பியும் பறித்துத் தேய்ந்த விரல்களுக்குக் கைரேகைக் கருவி ஓயாமல் தகராறு செய்யும். அதனால் முகம் என்றதும் மலைக்கு நல்லதுதானே என்று தோன்றும். நியாயமான எண்ணம். ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழுக்காக அலுவலகம் ஏறி இறங்காமல் போனிலேயே முகம் காட்டும் வசதியை மத்திய அரசு 2021 நவம்பரில் கொண்டுவந்தது, பலருக்கு அது உண்மையிலேயே உபகாரம். அங்கே முகம் ஒரு வசதி. வேண்டாதவர் நேரில் போய்க்கொள்ளலாம்.

2025 ஜூலை 1-இல் அந்த ‘வேண்டாதவர்’ காணாமல் போனார். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு, போஷன் டிராக்கர் செயலியில் முகம் காட்டுவதை மத்திய அரசு கட்டாயமாக்கியது. பல மாநிலங்களிலிருந்து அங்கன்வாடி ஊழியர்கள் சொன்னது ஒன்றுதான்: சிக்னல் இல்லை, போன் பழசு, ஓடிபி புருஷனுடைய போனுக்குப் போகிறது, அவர் வேலைக்கு வெளியூரில்.

இந்தச் செயலி போனின் திரைப்பூட்டல்ல, பொருத்திப் பார்க்கும் வேலையை மென்பொருள் செய்கிறது. ஆனால் படம் பிடிப்பது அதே சாதா கேமரா. அதற்குத் தானாக அகச்சிவப்பு ஒளி வீசத் தெரியாது, கிடைத்த வெளிச்சத்தில் கிடைத்ததை எடுக்கும். செம்மேட்டைத் தாண்டி உள்ளே போகப் போக சிக்னல் வரும், போகும். பனிமூட்டம் இறங்கிய காலை, ஜன்னல் சின்னதான அறை, தோளில் பிள்ளை. இந்தச் சூழலுக்கென்று எந்தத் தொழிற்சாலையில் யார் ஸ்பெக் போட்டார்கள்? ஃபெடரிகி மேடையில் மாட்டிக்கொண்டபோது போன் 6 இலக்க எண் கேட்டு வழிவிட்டது. சத்துமாவுப் பொட்டலத்துக்காக நிற்கிற தாய் எந்த எண்ணைத் தட்டுவாள்?

டெல்லியில் இந்தக் கேள்வி எழுவதற்குள் பக்கத்து அமைச்சகத்திலிருந்து வேறொரு காகிதம் வெளியே வந்தது. அதே ஜூலையின் இரண்டாம் வாரம், ஊரக வளர்ச்சி அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கை. 100 நாள் வேலைத் தளங்களில் தொழிலாளர்களை நாளுக்கு இரண்டு முறை போனில் படமெடுத்து வருகைப் பதிவு செய்யும் திட்டம் 2023 ஜனவரியிலிருந்து நாடு முழுக்கக் கட்டாயமாக இருந்தது. அதை ஏமாற்றுகிறவர்கள் கையாளும் 7 வழிகளைச் சுற்றறிக்கை வரிசையாக அடுக்கியது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்பது அதில் ஒன்று. இன்னொன்றைப் படித்தால் மலேசிய வலைப்பதிவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருப்பார்: நேரில் ஆளை நிறுத்தாமல், புகைப்படத்தையே புகைப்படம் எடுக்கிறார்கள்.

ஒரு அமைச்சகம் கேமராவை நம்பி முகத்தைக் கட்டாயமாக்குகிறது. இன்னொன்று, கேமரா கண்ணெதிரே ஏமாந்துகொண்டிருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே இருந்தது 2 வாரம்கூட இல்லை.

அந்தச் சுற்றறிக்கை மோசடியைப் பட்டியலிட்டதோடு நிற்கவில்லை. இனி ஒவ்வொரு படமும் 100 சதவீதம் சரிபார்க்கப்பட வேண்டும் என்று உத்தரவிட்டு, சரிபார்க்கும் வேலையை ஊராட்சி மட்டத்தில் ஒருவர் தலையில் கட்டியது. அது ஆப்பிளும் அல்ல, கூகுளும் அல்ல, புதிய செயலியும் அல்ல.

யார் அது? தினமும் வந்து குவியும் அத்தனை முகங்களையும் அவர் எதை வைத்து அடையாளம் காண வேண்டும்?

(அடுத்த வாரம்…)